கொட்டும் பனியில் ஒரு கோடைக் கடற்கரை!

டிசம்பர் மாதம். ஜெர்மனியின் தலைநகர் பெர்லின்.

காலை 8 மணி ஆகியும் சூரியன் எழவில்லை. எழுந்தாலும் என்ன? மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். இடையில் உள்ள நேரத்திலும் வானம் சாம்பல் பூசிக்கொண்டு கிடக்கும். தெருவில் இறங்கினால் மூக்கு நுனி விறைத்துப்போகும். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, அதன் மேல் கோட்டு, கையுறை, குல்லாய், பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக மாட்டி முடிப்பதற்குள் தாய்க்கு இடுப்பு ஒடிந்துவிடும். மாட்டி முடித்ததும் பிள்ளை, “அம்மா, ஒன்றுக்குப் போகவேண்டும்” என்று சொல்லும்!

இப்படி வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த குடும்பம் ஒன்று, வெள்ளிக்கிழமை மாலை மூட்டை முடிச்சோடு ரெயில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு நாமும் போவோம்.

தெற்கு நோக்கி ஒரு மணி நேரப் பயணம். இருபுறமும் பைன் மரக் காடு. ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. ஸ்டேஷன் பக்கத்தில் பஸ் காத்திருக்கிறது. பஸ்சுக்குக் கட்டணம் இல்லை. காட்டுப் பாதையில் சிறிது தூரம் போனதும் எதிரே மலை போல ஒரு கட்டிடம். கவிழ்த்துவைத்த படகு போன்ற தோற்றம்.

கதவைத் தாண்டி உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. கோட்டு கனக்கிறது. குல்லாய் அரிக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு ஓடுகின்றன.

காலுக்கு அடியில் மணல்! தலைக்கு மேலே தென்னையைப் போன்ற மரங்கள்! எதிரே நீலத் தண்ணீர்!

கூரைக்குள் தென்கடல்

இந்த இடத்தின் பெயர் ‘டிராப்பிக்கல் ஐலண்ட்ஸ்’. வெப்ப மண்டலத் தீவுகள் என்று பொருள். கூரைக்கு உள்ளேயே அமைந்த நீர் விளையாட்டுப் பூங்காக்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெர்லினுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பிராண்டன்பர்க் மாநிலத்தில் இருக்கிறது.

உள்ளே எப்போதும் 26 டிகிரி வெப்பம். வெளியே பனி உறைந்தாலும் சரி, புயல் அடித்தாலும் சரி, இந்த 26 மாறாது. ‘தென்கடல்’ என்று பெயரிட்ட குளம் ஒன்று. பரப்பு 4,400 சதுர மீட்டர். அதன் தண்ணீர் 28 டிகிரி. அதன் கரை முழுவதும் மணல். அந்தக் கடலுக்கு அப்பால் தெரியும் நீலவானமும் மேகமும் சித்திரம்தான்! பெரிய திரையில் தீட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

‘பாலி’ என்ற பெயரில் இன்னொரு குளம். அதன் பரப்பு 1,200 சதுர மீட்டர். தண்ணீர் 32 டிகிரி. சின்னக் குழந்தைகளும் மூட்டு வலிக்காரர்களும் விரும்பும் குளம் இது.

துணிச்சல்காரர்களுக்கு 27 மீட்டர் உயரத்தில் ஒரு சறுக்குக் கோபுரம். ஒன்பது மாடி உயரம்! மேலே இருந்து சறுக்கினால் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை வேகம் பிடிக்கிறது. நம் ஊர் பாசஞ்சர் வண்டிகள் பலவற்றுக்குச் சராசரியாக இந்த வேகம் கிடையாது!

நடுவே ஒரு காடு. 600 வகையைச் சேர்ந்த சுமார் 50 ஆயிரம் செடிகளும் மரங்களும் அங்கே வளர்கின்றன. தாய்லாந்து, பாலி, போர்னியோ, சமோவா பகுதிகளின் வீடுகளைப்போலக் கட்டிய சின்னக் கிராமமும் உண்டு. பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன.

இரவு ஆனதும் வெளியே போகவேண்டியது இல்லை. உள்ளேயே கூடாரங்கள் இருக்கின்றன. அறைகளும் குடில்களும் இருக்கின்றன. சனிக்கிழமை முழுவதும் தண்ணீர், ஞாயிறு மத்தியானம் வரை தண்ணீர். பிறகுதான் மறுபடியும் கோட்டு, குல்லாய், பூட்ஸ்!

ஸ்ரீரங்கம் கோபுரமே உள்ளே நிற்கும்!

கட்டிடம் எவ்வளவு பெரிது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நீளம் 360 மீட்டர். மும்பையில் ஓடும் 15 பெட்டி லோக்கல் ரெயில் ஒன்றை அப்படியே உள்ளே நிறுத்தலாம். அகலம் 210 மீட்டர். உயரம் 107 மீட்டர், அதாவது சுமார் 350 அடி. 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும், கலசத்துக்கு மேலே 110 அடிக்கு மேல் இடம் மிச்சம் இருக்கும்! டெல்லி குதுப்மினாரும் தாராளமாக நிற்கும்.

இவ்வளவு பெரிய மண்டபத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. எல்லாப் பாரத்தையும் இரும்பு வளைவுகளே தாங்குகின்றன.

குளிக்கும் இடத்துக்கு எதற்கு 350 அடி உயரம்? தண்ணீரில் விளையாட 30 அடிக் கூரை போதாதா?

போதும். ஆனால் இது குளிப்பதற்காகக் கட்டிய கட்டிடமே அல்ல. இது ஒரு கப்பலுக்காகக் கட்டிய வீடு. அந்தக் கப்பல் கடைசிவரை வரவே இல்லை. அது ஒரு சோகக் கதை.

ஆகாயக் கப்பல்

1938-ம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியர்கள் இங்கே ஒரு போர் விமான நிலையம் அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் சோவியத் ரஷியப் படை அதை எடுத்துக்கொண்டது. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. 1992-ல் ரஷியப் படை வெளியேறியது. ஓடுபாதை புல் முளைத்துக் கிடந்தது. கிழக்கு ஜெர்மனியின் பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டு, அந்த வட்டாரத்தில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது.

1996-ல் ‘கார்கோ லிஃப்டர்’ என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் திட்டத்தைக் கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள்.

மின்சார நிலையத்துக்கான டர்பைன், டிரான்ஸ்பார்மர் போன்ற ராட்சதச் சரக்குகளை எடுத்துச் செல்வது பெரும்பாடு. ரெயிலில் ஏற்றினால் பாலத்தில் இடிக்கும். லாரியில் ஏற்றினால் ஊர் ஊராக மின் கம்பியைக் கழற்றவேண்டும். அதற்குப் பதில், ஹீலியம் வாயு நிரப்பிய ஆகாயக் கப்பலில் தொங்கவிட்டு, வானத்து வழியே நேராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என்ன?

இதுதான் திட்டம்.

கப்பலின் நீளம் 260 மீட்டர் என்று வரைபடம் போட்டார்கள். மூன்றரை ஜம்போ விமானங்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு! 160 டன் எடையைத் தூக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நம் நாட்டில் சரக்கு ரெயிலை இழுக்கும் ‘டபிள்யூ.ஏ.ஜி.9’ மின்சார எஞ்சினின் எடையே சுமார் 123 டன்தான். அந்த எஞ்சினையே தூக்கிக்கொண்டு பறக்கக்கூடிய கப்பல்!

அதைக் கட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரு கொட்டகை வேண்டும் அல்லவா? பழைய விமான நிலையத்தில் இந்த மண்டபத்தை எழுப்பினார்கள். 2000-ம் ஆண்டு நவம்பரில் வேலை முடிந்தது. செலவு 7 கோடியே 80 லட்சம் யூரோ.

வீடு தயார். குடியேறவேண்டிய கப்பல் மட்டும் காகிதத்தில் இருந்தது.

70 ஆயிரம் பேர்

ஆகாயக் கப்பல் கட்டுவது கம்பெனி நினைத்ததைப்போல எளிதாக இல்லை. ஒரு சிக்கலை மட்டும் சொன்னால் போதும். 160 டன் சரக்கைக் கீழே இறக்கிய மறு நிமிடம் கப்பல் எடை குறைந்து, பட்டம்போல மேலே பாய்ந்துவிடும். அதைத் தடுக்க, சரக்கை இறக்கும்போதே அதே எடைக்குத் தண்ணீரை ஏற்றவேண்டும். காட்டுக்கு நடுவிலும் பாலைவனத்திலும் 160 டன் தண்ணீருக்கு எங்கே போவது? இப்படி ஒவ்வொன்றாகச் சிக்கல் முளைத்தது. ஒவ்வொன்றும் பணத்தை விழுங்கியது.

2002-ம் ஆண்டு ஜூன் மாதம் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. திட்டமிட்ட பெரிய கப்பல் கட்டப்படவே இல்லை.

அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கியவர்கள் 70 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் கோடீசுவரர்கள் அல்ல. ‘நம் நாட்டில் மறுபடியும் ஆகாயக் கப்பல் பறக்கப்போகிறது’ என்ற பெருமையில் கைக்காசைப் போட்ட சாதாரண மக்கள். அவர்கள் கையில் மிஞ்சியவை வெறும் காகிதங்கள். வேலை கிடைத்தது என்று மகிழ்ந்த ஊழியர்களும் வீட்டுக்குப் போனார்கள். மாநில அரசு கொடுத்த உதவிப் பணமும் கரைந்தது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 2003-ல் நிலமும் மண்டபமுமாகச் சேர்த்து 1 கோடியே 75 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. கட்டுவதற்கு ஆன செலவில் கால் பங்குகூட இல்லை!

வாங்கியவர் யார்?

வாங்கியவர்கள் ஜெர்மானியர்கள் அல்ல. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் மலேசியாவைச் சேர்ந்தவர்கள்!

ஒருவர் காலின் ஆவ். ‘ஸ்டார் குரூசஸ்’ என்ற உல்லாசக் கப்பல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவரோடு சேர்ந்தது ‘தான்ஜோங்’ என்ற மலேசிய நிறுவனம்.

அந்தத் தான்ஜோங் நிறுவனத்தைத் தன் கையில் வைத்திருந்தவர் ஒரு தமிழர்! அவர்தான் ஆனந்த கிருஷ்ணன்.

1938-ல் கோலாலம்பூரில், ரெயில்வே தொழிலாளர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் படித்தார். மலேசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக உயர்ந்தார். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய ‘மேக்சிஸ்’ நிறுவனம் 2006-ல் சென்னையைச் சேர்ந்த ‘ஏர்செல்’ டெலிபோன் கம்பெனியின் பெரும் பங்கை வாங்கியது. பிற்பாடு ஏர்செல் திவாலாகி 2018-ல் மூடப்பட்டதும், தமிழ்நாட்டில் பலர் ஒரே நாளில் போன் இல்லாமல் தவித்ததும் நினைவு இருக்கலாம். விளம்பரத்தை விரும்பாதவர் என்று பெயர் எடுத்த ஆனந்த கிருஷ்ணன் 2024-ம் ஆண்டு நவம்பர் 28-ந்தேதி காலமானார்.

வெயில் நாட்டில் இருந்து வந்தவர்கள் கையில், பனி நாட்டின் காலி மண்டபம் வெயில் விற்கும் கடை ஆயிற்று!

2004-ம் ஆண்டு டிசம்பர் 19-ந்தேதி, நல்ல குளிர்காலத்தில், கதவு திறக்கப்பட்டது.

செடிகள் கேட்ட வெயில்

ஆனால் கதவு திறந்ததும் காசு கொட்டிவிடவில்லை.

மண்டபம் கப்பலுக்காகக் கட்டியது. கப்பலுக்கு வெயில் தேவை இல்லை. ஆகவே, கூரை வழியாக உள்ளே வந்த வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. மரம் செடிகளுக்கு இது போதுமா? வெதுவெதுப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வெயில் இல்லை! கடற்கரைக்கு வந்தவர்களுக்கும் அதே குறை.

2005-ல் கூரையின் தெற்குப் பக்கத்தில் சுமார் 20 ஆயிரம் சதுர மீட்டரைப் பிரித்து, கண்ணாடி போன்ற ஒருவகைப் பிளாஸ்டிக் படலத்தைப் பொருத்தினார்கள். சூரியனின் புற ஊதாக் கதிரையும் உள்ளே விடக்கூடிய படலம் அது. செடிகள் தழைத்தன. உள்ளே படுத்து வெயில் காய்ந்தால் தோல் கறுக்கவும் செய்யும். வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு பெருமை!

தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. நஷ்டம்தான். கேலி பேசியவர்களும் உண்டு. பிறகு, ‘பகலில் வந்து போகிறவர்களை மட்டும் நம்பினால் ஆகாது. இரவு தங்குகிறவர்கள் வேண்டும்’ என்று கண்டு, அறைகளையும் குடில்களையும் கூட்டினார்கள். சனி, ஞாயிறு குடும்பத்தோடு தங்கிப் போகும் இடமாக அது மாறியது. 2016-ல் கட்டிடத்துக்கு வெளியிலும் ‘அமசோனியா’ என்ற நீர் விளையாட்டுப் பகுதியைத் திறந்தார்கள்.

ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் வரத் தொடங்கினார்கள். 500-க்கும் அதிகமானவர்களுக்கு வேலை கிடைத்தது. 2018-ம் ஆண்டு முடிவில், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ‘பார்க்கஸ் ரியூனிடோஸ்’ நிறுவனம் இதை வாங்குவதற்குப் பேசி முடித்த விலை 22 கோடியே 60 லட்சம் யூரோ!

1 கோடியே 75 லட்சத்துக்குப் போன யானைதான்! குளமும் காடும் அறைகளும் சேர்ந்த பிறகு கிடைத்த விலை இது. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தும் அது பிழைத்துக்கொண்டது.

கடல் பக்கத்தில் இருந்தால்?

கூரைக்குள் கடல் கட்டியவர்கள் எல்லோரும் பிழைத்துவிடவில்லை.

ஜப்பானில் மியசாகி என்ற ஊரில் 1993-ல் ‘ஓஷன் டோம்’ திறந்தார்கள். 300 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். கூரையைத் திறக்கலாம், மூடலாம். செயற்கை அலையில் சறுக்கி விளையாடலாம். உலகமே வியந்தது. ஆனால், நிஜமான கடல் அங்கே கூப்பிடு தூரத்தில் இருந்தது! கடன் பளு தாங்காமல் 2001-ல் நிறுவனம் திவால். 2007-ல் ஓஷன் டோமை மூடினார்கள். பின்னர் இடித்தும் விட்டார்கள்.

கடுங்குளிர் அடிக்கும் கனடா நாட்டில், எட்மண்டன் நகரின் பெரிய அங்காடிக்குள் 1986-ல் திறந்த நீர்ப் பூங்கா இன்றும் ஓடுகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் டெல்ஸ் என்பது கோடைக்கு மட்டும் கூட்டம் வரும் ஊர். குளிர்காலத்தில் ஓட்டல் அறைகள் காலியாகக் கிடக்கும். 1994-ல் ஓர் ஓட்டல்காரர் கூரைக்குள் குளமும் சறுக்கு மரமும் அமைத்தார். குளிர்காலத்திலும் ஆட்கள் வந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். அங்கே தொடங்கிய ‘கிரேட் உல்ஃப் லாட்ஜ்’ இப்போது அமெரிக்கா முழுவதும் பரவி நிற்கிறது.

எது இல்லாத ஊரோ, அங்கேதான் அதற்கு விலை!

மூக்கு சொல்லும் சேதி

கூரைக்குள் தண்ணீர் வைப்பதில் வேறு ஒரு தொல்லையும் உண்டு. குளத்தில் இருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். வெளியே போக வழி இல்லாவிட்டால் சுவர் எல்லாம் வியர்க்கும். இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே ராட்சத விசிறிகள் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வெதுவெதுப்பான காற்றை வெளியே தள்ளி, குளிர்ந்த காற்றை இழுத்து மறுபடியும் சூடாக்கவேண்டும். வருமானத்தைத் தின்பது இந்தச் செலவுதான்.

உள் குளங்களில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி அடித்தால், ‘மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம்’ என்று பலர் நினைப்பார்கள். உண்மை நேர் மாறானது! குளோரினும், குளிக்கிறவர்களின் வியர்வை, அழுக்கு, சிறுநீரும் சேரும்போது ‘குளோரமின்’ என்ற பொருள் உண்டாகிறது. கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான். நல்ல குளத்தில் நெடி அதிகம் இருக்காது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்கவேண்டும் என்று அங்கே சொல்வது இதற்காகத்தான். மும்பை கோராய், பெங்களூரை அடுத்த பிடதி போன்ற நம் நாட்டுத் தண்ணீர்ப் பூங்காக்களுக்குப் போகும்போதும் இதை மறக்கவேண்டாம்.

சத்தம் வராது!

இன்னும் முக்கியமானது ஒன்று.

தண்ணீரில் தத்தளிக்கும் குழந்தை, சினிமாவில் வருவதுபோலக் கையைத் தூக்கி, “காப்பாற்றுங்கள்” என்று கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்விட்ட பிறகு கத்துவது எப்படி? சத்தம் இல்லாமல், சில நொடிகளில் மூழ்கிவிடும். சுற்றிலும் நூறு பேர் ஆடிப்பாடிக்கொண்டு இருப்பார்கள். ஒருவருக்கும் தெரியாது.

2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

காவலர் நிற்கிறாரே என்று தாய் தந்தையர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. நீந்தத் தெரியாத பிள்ளை, கை நீட்டினால் எட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும். காற்று ஊதிய மிதவை விளையாட்டுச் சாமான். அது உயிர் காக்கும் கருவி அல்ல. பெரியவர்கள் பலர் சேர்ந்து போனால், ‘இந்த அரை மணி நீ பார், அடுத்த அரை மணி நான் பார்க்கிறேன்’ என்று முறை போட்டுக்கொள்வது நல்லது. ‘எல்லோரும் பார்க்கிறார்கள்’ என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், ஒரு சனி ஞாயிறு இங்கே போய் வரலாம். ஸ்டேஷனைக் கண்டுபிடிப்பது எளிது. முன்பு ‘பிராண்ட்’ என்று மட்டும் அறியப்பட்ட ஊர், இப்போது ஸ்டேஷன் பலகையிலேயே ‘பிராண்ட் டிராப்பிக்கல் ஐலண்ட்ஸ்’ ஆகிவிட்டது. 1866-ல் பெர்லினுக்கும் காட்புஸ் நகருக்கும் இடையே போட்ட பழைய ரெயில் பாதையில் இருக்கிறது.

கட்டணம் நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறையில் கூடும். சேலை, வேட்டி, பேண்ட் உடுத்திக்கொண்டு குளத்தில் இறங்க முடியாது. நீச்சல் உடுப்பு வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். சாப்பிட்டாலும், குடித்தாலும் அந்தப் பட்டையைக் காட்டினால் போதும். கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போதுதான் மொத்தப் பில். பர்சைத் திறக்காமல் செலவழித்தால் கை தாராளமாகிவிடும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு கணக்குச் சொல்லிவிடுவது வீட்டுக்கு நல்லது.

ஆவிக் குளியல் பகுதி என்று தனியாக ஒன்று உண்டு. ஜெர்மன் வழக்கப்படி அங்கே ஆண், பெண் எல்லோருமே உடுப்பு இல்லாமல்தான் இருப்பார்கள்! விவரம் தெரியாமல் மாமியாரை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விடவேண்டாம்.

ஒரு பலூன் பறக்கிறது

மும்பை லோக்கலில் வியர்வை வழிய நின்று வரும்போது, வெயிலைத் திட்டாத தமிழர் உண்டா? ஜூகுவிலும் கிர்காவ் சவுபாத்தியிலும் மாலை நேரத்தில் மணலில் உட்கார்ந்து எழுந்திருக்க எந்தக் கட்டணமும் கிடையாது. அந்த மணலுக்கும், அந்த வெயிலுக்கும், அந்த மரத்துக்கும்தான் பெர்லின் குடும்பம் டிக்கெட் வாங்கி, ரெயில் ஏறிப் போகிறது. பிள்ளைகளின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை தெரியும் சந்தோஷத்துக்கு அந்தப் பணம் தகும் என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

ஆனால், அந்தக் கூரைக்கு முதலில் பணம் கொடுத்தவர்கள் வேறு. பங்குப் பத்திரம் வாங்கிய அந்த 70 ஆயிரம் பேரில் எத்தனையோ பேர் இன்று தாத்தா, பாட்டி ஆகியிருப்பார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வரவேண்டுமானால் அவர்களும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். 22 கோடி யூரோவில் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது.

அந்த மண்டபத்துக்குள் விளையாட்டுகளில் ஒன்றாகப் பலூன் சவாரியும் உண்டு. காடு, குளம், மணல் எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்கு அடியில் பலூன் மெல்ல எழும்புகிறது. மேலே போனவர்களைப் பார்த்துக் கீழே இருக்கும் பிள்ளைகள் கை ஆட்டுகின்றன.

260 மீட்டர் நீளக் கப்பலுக்காகக் கட்டிய வீட்டில் இப்போது பறப்பது அந்தப் பலூன்தான்.